பாறைமேல் மூன்றாம் எண்

கடல் பின்பக்கமாகவும் வரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அவர் படித்திருப்பார். படித்து, அடிக்கோடிட்டு, சுவரில் ஒட்டியும் இருப்பார்.

மெத்தைத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் பாதுகாப்பு அதிகாரி அவர். பஞ்சும் நுரையும் பசையுமாக ஒரு பொறி விழுந்தால் போதும் என்று காத்திருக்கும் இடம். நேரில் அவருக்கு ‘சார்’ என்று பெயர்; முதுகுக்குப் பின்னால் ‘விசில்’. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் எந்நேரமும் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா மாட்டாரா என்பதில் தையல் பிரிவு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

மூன்று குட்டை ஊதல் என்றால் ஆபத்து. கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் ‘கூடும் இட’த்துக்குப் போக வேண்டும். அவர் வந்து ஒவ்வொருவரின் எண்ணையும் கூப்பிட்டுச் சரிபார்த்து, ஒரு நீண்ட ஊதல் தருவார். அதுவரை நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்தக் கடைசி விதி சும்மா வந்ததில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பசைக் கிடங்கு பற்றிக்கொண்டபோது, பத்திரமாக வெளியே வந்துவிட்ட சுமைக்காரர் ஒருவர், சட்டையை உள்ளே விட்டுவிட்டோமே என்று திரும்பிப் போனார். சட்டை கிடைத்தது. வலக்கையில் மூன்று விரல் மடங்காமல் போனது. அன்றிலிருந்து ‘நகரக் கூடாது’ என்பது அவருக்கு வேதவாக்கு.

வேதத்தை வேலையிடத்தோடு விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். வீட்டிலும் ஒத்திகை உண்டு, மாதம் ஒருமுறை. அவர் ஒன்று, மனைவி இரண்டு, ஒன்பது வயது மகள் மூன்று. முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மனைவி நாலைத் தாண்டியதில்லை. அடுப்பை அணைக்கத் திரும்புவாள். இல்லையென்றால் செருப்பைத் தேடுவாள்.

“வீடு பத்திக்கிட்டு எரியுதுன்னு நெனச்சுக்கணும்!” என்பார்.

“அதுக்குத்தாங்க அடுப்ப அணைக்கிறேன்,” என்பாள்.

மகள் ஒன்பது வரை வந்திருந்தாள். அந்தப் பத்தாவது மதிப்பெண்ணுக்காக அவள் தூக்கத்திலும் காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

விடுமுறைக்குக் கடலோரம் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம் என்ற யோசனை மைத்துனனுடையது. டயர் கடைக்காரன், மனைவிக்குத் தம்பி, கவலை என்ற சரக்கைக் கடையில் வைக்காதவன். அவர் உடனே சம்மதித்ததில் எல்லாருக்கும் ஆச்சரியம். ஒரு வாரம் உட்கார்ந்து பதினேழு அம்சப் பட்டியல் போட்டபோது அந்த ஆச்சரியம் நீங்கியது. பன்னிரண்டாவது அம்சத்தில், மைத்துனன் காரில் ஏற்றிய பழைய லாரி டியூபைக் கடலில் இறக்கத் தடை.

“ஏன் அத்தான்? நல்ல டியூபு. நானே ஒட்டுனது.”

“அதனாலதான் மாப்ளே.”

நான்காம் எண் என்று அவனுக்கும் ஒன்று தரப்பட்டது. “லாட்டரியில விழுமா?” என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டான்.

காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு முழுசாக ஏறும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்பதாவது அம்சமே அதுதான். பழைய பாசி ஒதுங்கிய கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நாற்பது அடி மேலே தள்ளிக் கூடாரம் போடவைத்தார். குற்றம் சொல்ல முடியாத வேலை. அதன்பிறகு கூடும் இடம் பார்த்தார். எல்லாக் கோணத்திலிருந்தும் கண்ணில் படவேண்டும், மேடாக இருக்க வேண்டும், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே ஈரமணலில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை, உச்சி தட்டையாக, ஏறுவதற்குப் படிபோல இரண்டு வெட்டோடு நின்றது. கல்லில் நெருப்புப் பிடிக்காது. மூன்று விதிக்கும் பொருந்திவிட்டது. அதுதான் கூடும் இடம் என்று மற்ற மூவருக்கும் காட்டினார்.

கூடாரத்துக்குக் கடல் எட்டுமா என்று அளந்தவர் பாறைக்கு எட்டுமா என்று அளக்கவில்லை. மறதி என்று சொல்ல மாட்டேன். கூடும் இடம் என்றாலே பாதுகாப்பான இடம்தானே. பாதுகாப்பான இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று எவன் சோதிப்பான்?

ரொட்டியும் அவித்த முட்டையும் தின்று முடித்து, மகள் வாளியோடு சிப்பி பொறுக்கப் போயிருந்த ஒன்றரை மணிக்குக் காற்று எழுந்தது. ஒரே வீச்சு. நாலு முளையும் பிடுங்கிக்கொண்டு, கூடாரம் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோலக் கரையோரமாகப் புறப்பட்டது. அவர் கை அதுவாகக் கழுத்துக்குப் போனது. மூன்று குட்டை ஊதல். ஊதிக்கொண்டே ஓடினார். மைத்துனன் ஓடினான். மனைவி வழக்கப்படி முதலில், தேநீருக்குப் பற்றவைத்திருந்த அடுப்பை அணைத்தாள், பிறகு ஓடினாள்.

கூடாரம் நின்று நின்று அவர்களை அருகில் வரவிட்டு மறுபடி ஓடியது. ஒருமுறை அவர் பாய்ந்து பிடிக்கப் போய், வாயில் விசிலோடு ஈரமணலில் முகம் புதைய விழுந்தார். மைத்துனன் சிரித்த சிரிப்பில் அவனும் விழுந்தான். கடைசியில் ஒரு முட்புதரில் அது சிக்கி, மூவருமாகச் சுருட்டி, தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தபோது முக்கால் மணிநேரம் ஓடியிருந்தது.

“மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி என்னா வேகம் அத்தான் அதுக்கு!”

“முளைய யாருடா அடிச்சது?”

“நாலாம் நம்பர்தான். நாலு முளை குடுத்தீங்க, நாலாம் நம்பர் அடிச்சேன்.”

மனைவி சிரிக்கவில்லை. கூடாரம் இருந்த இடத்தில் பாத்திரங்கள் இருந்தன, பாய் இருந்தது, சிப்பி பொறுக்கிய வாளியைக் காணோம்.

“எங்கங்க அவ?”

முதுகை நிமிர்த்திக் கடலைப் பார்த்தார். காலையில் பார்த்த கடற்கரையில் பாதியைக் காணவில்லை. பாறைக்கும் கரைக்கும் நடுவில் அவர் கவனிக்காத ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. தண்ணீர் முதலில் அதை நிரப்பிக்கொண்டு, பாறையைப் பின்னாலிருந்து சுற்றி வளைத்திருந்தது. தண்ணீருக்கு நடுவே, தட்டை உச்சியில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, கால்களைச் சேர்த்து, ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த அதே நிலையில் மகள் நின்றிருந்தாள். வாளி காலடியில். ஓர் அலை வந்தது. வாளி போனது. அவள் அசையவில்லை.

பத்தொன்பது வருடம் அடுத்தவருக்குச் சொல்லித்தந்த பாடத்தில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. ‘சரியாத்தான நிக்கிறா, சரியாத்தான நிக்கிறா’ என்ற ஒன்று மட்டும் தலைக்குள் சுற்றியது. அவரைக் குளிரவைத்ததும் அந்தச் சரிதான்.

மனைவி அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். மைத்துனன் காரிலிருந்து தடைசெய்யப்பட்ட டியூபை இழுத்து, கூடாரக் கயிற்றைக் கட்டி, ஒரு முனையை அக்கா கையில் எறிந்துவிட்டு நீந்தினான். பாறையை எட்டியும்விட்டான். சிப்பி ஒட்டிய விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. டியூபை விட்டால்தான் மேலே ஏறலாம், விட்டால் டியூப் போய்விடும்.

“குதி குட்டி! மாமா பிடிச்சுக்கறேன்!”

“விசில் அடிக்கல மாமா.”

“அடிச்சாச்சுன்னு வெச்சுக்கோடி!”

“அப்பா எண்ணல.” பல் கிடுகிடுத்தது. அடுத்த அலை முழங்காலைத் தொட்டது. “நகரக் கூடாது.”

கரையில் அவர் விசிலை வாயில் வைத்து நுரையீரல் நோக ஊதினார். காற்றுதான் வந்தது. உள்ளே உருளும் குண்டு மணலில் சிக்கியிருந்தது. கத்தினார், எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை அவர் வாய்க்கே திருப்பித் தந்தது.

முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்காதவர் அவர். நீச்சல் தெரியாது, தெரியாதவர் இறங்கக் கூடாது என்பது பட்டியலில் முதல் அம்சம், அவரே எழுதியது. மனைவி பிடித்திருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கினார். இடுப்பு. மார்பு. ஓர் அலை மூக்குக்குள் போனது. துப்பிவிட்டு, தொழிற்சாலை முற்றத்துக் குரலில் கூப்பிட்டார்:

“ஒண்ணு! இருக்கேன்! ரெண்டு!”

“இருக்கேங்க, சீக்கிரம்!” என்று மனைவி பின்னாலிருந்து அலறினாள்.

“மூணு!”

“இருக்கேன்!”

“எல்லாரும் சரி! கலையலாம்!”

“என்னை எண்ணலையே அத்தான்!” என்றான் மைத்துனன். அந்தச் சொல் முடிவதற்குள் மகள் டியூபுக்குள் குதித்திருந்தாள். அவள் நின்ற இடத்தின்மேல் அடுத்த அலை மடிந்து போனது.

கயிற்றை இழுத்து எல்லாரும் கரையேறி, காருக்கு வந்து, மகளைத் துண்டில் சுற்றி உட்காரவைத்து, மனைவி தலையைத் துவட்டினாள். மைத்துனன் உள்ளங்கையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டிருந்தான். முதலில் பேசியது மகள்தான்.

“அப்பா, எத்தன மார்க்கு?”

“மார்க்கு ஒண்ணுதான் கேடு!” மனைவி வெடித்தாள்.

“பத்து,” என்றார் அவர்.

மகளின் முகம் மலர்ந்தது. வருடக்கணக்காக ஏங்கியது கிடைத்த மலர்ச்சி. “அடுத்த தடவ தண்ணி கழுத்து வரைக்கும் வந்தாலும் நகர மாட்டேன்பா.”

கார்ச் சாவியைத் துளையில் நுழைத்தவர் அதைத் திருப்பவில்லை. உருவி மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, இறங்கிப் பின் இருக்கைக்கு வந்து, மகளுக்கு எதிரே தரையில் குந்தினார்.

“அடுத்த தடவ விசில் கேட்டா, அம்மா எங்க ஓடுறாளோ அங்க ஓடு.”

“அம்மாவா? அம்மாவுக்கு நாலுதானப்பா?”

“ஆமா.”

“அடுப்ப அணைக்கப் போனாங்கன்னா?”

“நீயும் கூடப் போ. போய் அடுப்ப அணை.”

மனைவி துவட்டுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு துண்டின் மறுமுனையை எடுத்து, கேட்காமலே அவர் தலையையும் அழுத்தித் துவட்டத் தொடங்கினாள். விசில் கயிறு துண்டில் சிக்கியது. அவள் அதைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் இருந்த டியூபுக்கு மாட்டினாள். அவர் தடுக்கவில்லை.