மார்ச்சில் குறைந்த ஓர் ஆள்

குரோம்பேட்டையில் நான் ஏறிய மாலைத் தொடர்வண்டியில் கால் ஊன்றவும் இடமில்லை. “இன்னா பெருசு, வாசல்லயே நின்னுகினு? உள்ள போ!” என்று எவரோ என்னைத் தள்ளினார். அருகில் ஒரு முதிய அம்மையார், வண்டியிலிருந்த கருவுற்ற பெண்ணின் கால்களை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். வீக்கம் உண்டா என்று பார்ப்பது பழக்கமாம். அவர் இப்புறநகரில் வீடுவீடாகச் சென்று குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்திய செவிலியர். ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆயின. மெலிந்த உடல், நடந்தே தேய்ந்த முழங்கால்கள்.

“நீங்க அவ்வளவு சொல்லியும் இவ்வளவு கூட்டமா, அம்மா?” என்றேன் சலிப்புடன்.

“கூட்டத்தை விடுங்க சார். வருஷக் கணக்கு முடியற ஒரு மார்ச் மாசம், கருத்தடை ஆபரேஷன் டார்கெட்டுக்கு ஒரு ஆள் குறைஞ்சது. ரெண்டு பசங்க இருந்த ஒருத்தியைக் கெஞ்சி ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்னதுக்கு ஆறு மாசம்தான். ஒரு வருஷமாவது ஆகட்டும்னு விட்டிருக்கணும். எனக்கே தெரியும். ஆடி மாசம் காய்ச்சல்ல அது போயிடுச்சு. இன்னொண்ணு பெத்துக்க அவளுக்கு வழியில்ல.”

இப்போது இரும்புலியூரில், குழந்தையை இழந்த அப்பெண்ணின் வீட்டுக்கே செல்வதாகக் கூறினார். மாதந்தோறும் அவளுக்கு இரத்த அழுத்தம் பார்த்து வருகிறாராம்.

“அவங்க உங்ககிட்ட பேசுவாங்களா?”

“பேச மாட்டா சார். மிஷினை எடுத்தா, கையை மட்டும் நீட்டுவா.”

“அப்புறம் ஏன் கையை நீட்டறாங்கன்னு கேட்டீங்களா?”

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். தாம்பரத்தில் இறங்கிய கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. கேட்டுவிட்டால் அந்தக் கையும் நீளாது போய்விடும் என்று அஞ்சினாரோ என இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.