கடைசிக் காம்பராவில் என் மனைவி

என் மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கவனித்தது நான்தான். கவனித்துப் பயந்ததும் நான் மட்டும்தான். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் வீங்கிய கழுத்து ஒன்றும் புதினமில்லை. பெண்கள் பலருக்கும் தொண்டையில் கழலை உண்டு. தண்ணி சரியில்லை என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதானேங்க. எனக்கு மட்டும் என்ன தனியாவா முளைச்சிருக்கு?" என்று அவள் சிரித்தாள்.

தனியாகத்தான் முளைத்திருந்தது. மற்றவர்களுடையது மெத்தென்று கழுத்து முழுக்கப் பரவியிருக்கும். இவளுடையது ஒரு பக்கமாக, பலாக்கொட்டை அளவில், கல்லுப்போல. நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவன். வைத்தியம் எனக்கு எங்கே தெரியும்? யாராவது இருமினால் காசமோ என்பேன், மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் மண் சரியுமோ என்பேன். லயத்தில் என்னைக் கேலி பண்ணாத ஆளில்லை. அந்த ஒரு தடவை என் பயம் உண்மையாகிப் போனது. அது உண்மையானதிலிருந்து வேறெந்தப் பயத்தையும் என்னால் பொய்யென்று தள்ள முடியவில்லை.

கேகாலை ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு கொழும்புப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ரம்புக்கனையில் ரயில் ஏறிப் போனோம். சண்டை நடந்த காலம். வழியில் சோதனை போட்ட ஆமிக்காரன் எங்கள் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து முகம் இறுகினான். ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

தைராய்டில் கேன்சர் என்றார் டாக்டர். கேன்சரிலேயே இது பெரும்பாலும் குணமாகிற வகை, பயப்படாதே என்றும் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அவளுக்கு அவ்வளவாக வராது. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். "குணமாகும்னா சரிதானே, அப்புறம் ஏன் ஒங்க மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றாள்.

ஒப்பரேஷனில் அந்தச் சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். கட்டி, குரல் நரம்பைப் பிடித்திருந்ததாம். அப்படி இருந்தால் குரல் போகலாமென்று முதலிலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மலையின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவர்களுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. கண் விழித்தபோது காற்று மட்டும்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது, இளவயது டாக்டரம்மா ஒருவர் காகிதக் கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த நோய் எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், மரவள்ளி அடிக்கடி சாப்பிடுவீர்களா, என்ன உப்பு, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர் ஏதும் வைத்தார்களா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அப்ப இதுல எதுனால வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது தெரியலன்னுதானே கேக்கிறோம்" என்றார் சிங்களத்தில், மரியாதையாக.

அவருக்கு அவை கேள்விகள். எனக்கு ஒவ்வொன்றும் குற்றச்சாட்டு. மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க விடவில்லை. மரவள்ளியைப் பிடுங்கி எறிந்தேன். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற அசிட்டின் வாடைகூட வீட்டுக்குள் வரக்கூடாதென்று வெளியிலேயே சட்டையைக் கழற்றினேன். டாக்டரம்மா இவற்றில் எதையும் செய்யச் சொல்லவில்லை.

மிச்சமிருக்கும் கேன்சரை எரிக்க, கதிர் உள்ள அயடின் மருந்து கொடுத்தார்கள். கனமான ஈயப் பெட்டிக்குள் இருந்து அதை எடுத்துக் கொடுத்த ஆள் உடனே வெளியே போய்விட்டாராம். சில நாள் தடித்த சுவருள்ள அறையில் தனியாக வைத்திருந்தார்கள். அனுப்பும்போது நர்ஸ் மிஸ்ஸி என்னிடம் சொன்னார்: உடம்பில் இன்னும் கொஞ்சம் கதிர் இருக்கும். சில வாரத்துக்குச் சின்னப்பிள்ளையைத் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக்கூடாது. தனி அறையில் இருக்கட்டும்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. எங்கள் வீடோ ஒரே அறை, ஒரே காம்பரா.

லயத்தின் கடைசிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அங்கே ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டார். அவர் குடும்பம் எங்கோ போய்விட்டது. பிறகு யாரும் அதில் குடியேறவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகிறவர்களும் இல்லை. தோட்டத்து ஆபீசில் கேட்டுச் சாவியை வாங்கினேன். அவளிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கினேன்.

"நானே பேய் மாதிரித்தானே பேசுறேன்" என்றாள் காற்றுக் குரலில். "ரெண்டு பேருக்கும் பேச்சுத் தொணைக்கு ஆச்சு."

சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அவள் குளித்த தண்ணீர் வடிகால் கானில் ஓடினால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும் என்பதால் வாளியில் பிடித்துக் கொண்டுபோய்ப் பலா மரத்தடியில் ஊற்றினேன். அந்த வருசம் அந்த மரத்துப் பலாக்காயை என் வீட்டில் யாரையும் தின்ன விடவில்லை.

மருந்து குடித்தவளின் உடம்பிலிருந்து வெளிச்சம் வரும் என்று எவனோ கிளப்பிவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா வாய் ஓயாதவர். "மண்ணெண்ணெ மிச்சம் தம்பி ஒங்களுக்கு. கொஞ்சம் எங்க காம்பராவுக்கும் அனுப்பி வைங்க" என்பார். அடுத்த நிமிடமே, "பவ், பாவம் தம்பி அவ, புள்ளயப் பாக்காம எப்பிடி இருக்கா" என்று மூக்கைச் சிந்துவார். பேய்க்குப் பயந்த பிள்ளைகள்கூட மாலையானால் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்க வந்தார்கள். விரட்டினேன். விரட்டிவிட்டு நானும் பார்த்தேன். இருட்டத் தொடங்கிய காம்பராவில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் எதுவும் இல்லை. அவள் கண்கள் நேராக இடுக்கைப் பார்த்தன. அங்கிருப்பது நானென்று அவளுக்குத் தெரிந்ததா, இன்றுவரை தெரியாது.

பகலில் மகள் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். ஆயா எல்லாப் பிள்ளைகளையும் அங்கே பார்த்துக்கொள்வார். வேலை முடிந்து வரும்போது அக்கா அவளைக் கூட்டி வந்து, நான் வரும்வரை வைத்திருப்பார். ஒரு நாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன், லயம் வெறிச்சென்று கிடந்தது. அக்கா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காம்பராவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அந்த அறையிலிருந்து யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. அது என் மகளின் சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கதவு திறந்திருந்தது. என் மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை எட்டிப் பிடிக்காமல் இருக்க முந்தானையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். கிட்டே வந்ததும் என் மனைவி அடுத்த மூலைக்குப் பாய்ந்தாள். மகள் கெக்கலித்துச் சிரித்துத் திரும்பவும் ஓடினாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் பிள்ளை இருந்தது. தாயின் வாய் அகலத் திறந்திருந்தது. கத்திக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் வரவில்லை.

"அப்பா! அம்மா ஓடுறாங்க! புடிங்க, புடிங்க!"

பின்னாலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"தொடலங்க" என்றாள். "ஒரு தரங்கூடத் தொடல."

எவ்வளவு நேரமாக ஓடினாய் என்று நான் கேட்கவில்லை. மகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கவுனைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டேன். பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். "அந்த வெளாட்டு வெளாடணும்" என்று அவள் பல நாள் அழுதாள்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் தலை சீவிவிடும் சாக்கில் என் விரல் அவள் கழுத்துக்குப் போகும். அன்று ஒரே காம்பராவுக்குள் இருந்ததற்கே ஏதாவது ஆகியிருக்குமோ என்கிற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

பல வருசம் கழித்து ஒரு கிளினிக்கில்தான் கேட்டேன். இரத்தச் சோதனை நன்றாக இருக்கிறது, இனி வருசத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். அந்தத் தைரியத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நாங்கள் கூடாதென்று சொல்வது மணிக்கணக்காக மடியில் வைத்திருப்பதையும் பக்கத்தில் படுத்துத் தூங்குவதையும்தான். ஓடி வந்த பிள்ளையைத் தாயே ஒரு நிமிடம் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்றார்.

என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. திரும்பி அவளிடம் அப்படியே தமிழில் சொன்னேன், சந்தோசமாக.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்குப் புள்ளகிட்ட புடி குடுத்திருக்கலாமாங்க?"

காற்றுக் குரல் சரியாகக் கேட்காததால் டாக்டர் முன்னால் குனிந்து, என்ன கேட்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தார். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாமலில்லை.