இருநூறுக்கு முந்நூறு

சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டுக்கு நான் முதலில் வாங்கிய கம்பளம் சின்னதாகப் போய்விட்டது. சோபாவுக்கும் டீவிக்கும் நடுவில், குளியலறை வாசலிலிருந்து யாரோ எடுத்துவந்து போட்டதுபோல் கிடந்தது. மறுநாளே அதைச் சுருட்டி டாக்ஸியில் ஏற்றி, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்கே திருப்பி எடுத்துப் போனேன்.

கடைக்காரர் வயதானவர். கோபித்துக்கொள்ளவில்லை.

“கடையில பார்க்குறப்போ எல்லாமே பெருசாத்தான் தெரியும்மா. வீட்ல நியூஸ்பேப்பரை ஒட்டித் தரையில விரிச்சுப் பாருங்க. சோபாவோட முன்கால் ரெண்டும் மேல ஏறணும். சுவத்தோரம் ஒரு சாண் தரை தெரியணும். அதுதான் உங்க அளவு.”

அன்று மாலை முழுக்க முட்டிபோட்டு நாளிதழ்களை ஒட்டினேன். துவாஸில் துறைமுக வேலை பார்த்த என் கணவர் சோபாவில் படுத்திருந்தார். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.

“எந்த சைஸா இருந்தா என்ன லா? மிதிக்கத்தானே போறோம்.”

ஒரு கையால் பிடித்தார், மறுகையில் கைப்பேசி. நூற்று அறுபதுக்கு இருநூற்று முப்பது சென்டிமீட்டர் எங்கள் வரவேற்பறைக்குச் சரியாக இருந்தது. மறுநாள் அவரையும் கடைக்குக் கூட்டிப்போய் அந்த அளவில் ஒன்றை வாங்கினேன். படுக்கையறையையும் அளந்தேன். கம்பளம் போட்டால் அலமாரிக் கதவு இடிக்கும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். எந்த அறை எவ்வளவு கொள்ளும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, காய்கறிப் பையோடு அந்தக் கடையைத் தாண்டினேன். கடைக்காரர் கூப்பிட்டார்.

“சார் எடுத்த கார்பெட் நல்லா உக்காந்துச்சா?”

“எது?”

“அந்தச் சாம்பல் கலரு. இருநூறுக்கு முந்நூறு. மூணு தடவை வந்தாரு. பேப்பர் ஒட்டி, போட்டோ எடுத்துட்டு வந்து காமிச்சாரு. உங்ககிட்டதான் கத்துக்கிட்டாராம்.”

இருநூறுக்கு முந்நூறு எங்கள் வீட்டில் எங்கேயும் கொள்ளாது.

“நல்லா இருக்கு,” என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் கம்பளச் சுருள்களை அடுக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் என் கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வருவதில்லை. வேலை முடிய நேரமாகிறது, துவாஸிலிருந்து செங்காங் வர அலுப்பாக இருக்கிறது, நண்பர் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்பார். நானும் அந்த நண்பருக்கு இரண்டு தடவை முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

அன்று மதியம் சாப்பாடு வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“ஜூரோங்ல ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கேன். எட்டு மாசம் ஆச்சு.”

“யாரு அவ?”

“யாரும் இல்ல. தனியா இருக்கணும்னு தோணுச்சு.”

“முறுக்கு?”

“நான்தான் சாப்பிட்டேன்.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எங்கள் வீட்டுத் திரைச்சீலையின் நிறம்கூடத் தெரியாத மனிதர், அங்கே தரையில் மண்டியிட்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அங்க மட்டும் எதுக்கு அளவெல்லாம் பார்த்தீங்க?”

“சின்னதா வாங்கிட்டா பார்க்க நல்லாருக்காதுன்னு நீதானே சொல்லுவே.”

குத்திக்காட்டிப் பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவருடைய தங்கை தொலைபேசியில் ஆறுதல் சொன்னாள். “வேற பொம்பள இல்லையே அண்ணி, அது வரைக்கும் நல்லது.” எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டியிருப்பேன். என்னைவிட அவளிடம் என்ன இருக்கிறது என்றாவது கேட்டிருப்பேன். இங்கே ஒரு காலி அறையிடம் நான் தோற்றிருந்தேன்.

அந்த வருடக் கடைசியில் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். செங்காங் வீட்டை விற்றாயிற்று. நான் ஈசூனில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி. கம்பளத்தில் காப்பி கொட்டிவிட்டதாம், கறை போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். அவர் வீட்டுத் தரையையும் இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று போட்ட பிறகுதான் உறைத்தது. அவர்மேல் இருந்த கோபம்கூட இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது. அந்தப் பதிலை அனுப்பியதற்காக என்மேல் வந்த கோபம்தான் ஆறவில்லை.