மைனஸ் பத்து ரூபாய்ச் சங்கரா

செலின் போனபிறகு இந்த ஞாயிறுதான் முதல்முறையாக வைத்திக்குப்பம் மீன் சந்தைக்குப் போனேன். மீன் கவிச்சி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. பழக்கம்தான். முதலில் நான் வாங்க வேண்டும், கொஞ்சம் கழித்து அவள் வர வேண்டும், யாரோ எவரோ போல.

கல்யாணமான புதிதில் மூலக்குளத்தில் வாடகை வீடு. எனக்குப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் வேலை; சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். செலின் கணக்கு டீச்சர். ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து, சந்தையில் அஞ்சலையிடம் மீன் வாங்குவோம். அஞ்சலை கூறுக்கு விலை சொல்லமாட்டாள். கேட்டதையெல்லாம் பையில் கொட்டிவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொல்வாள். பிரித்துச் சொன்னால் பேரம் பேசுவோமாம்.

செலினுக்கு அது பொறுக்கவில்லை. "ஏங்க, தெரியாதது ரெண்டு. அப்போ சமன்பாடும் ரெண்டு வேணும். நீங்க தனியா வாங்குங்க, நான் தனியா வாங்குறேன்."

நான் சங்கரா ஒரு கூறு, நெத்திலி ஒரு கூறு: நூற்றி அறுபது. அவள் சங்கரா இரண்டு, நெத்திலி ஒன்று: இருநூற்றி அறுபது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கழித்தாள். சங்கரா நூறு, நெத்திலி அறுபது. உலகத்தையே பிடித்துவிட்ட முகம் அவளுக்கு.

மூன்றாம் வாரமே அஞ்சலை கண்டுபிடித்துவிட்டாள். "கோயிலுக்கு மட்டும் சோடியா போறீங்க, எங்கிட்ட வந்தா யாரோ மாதிரி நிக்கிறீங்க. நல்லா ஆடுறீங்க நாடகம்!" ஆனாலும் விலையைப் பிரித்துச் சொன்னதில்லை. நாங்களும் நாடகத்தை விடவில்லை. சம்பளம் உயர்ந்தும், தலை நரைத்தும் விடவில்லை.

ஒரு ஞாயிறு கணக்கு உதைத்தது. வழக்கமான கூறுகள்தான். விலை ஏறியிருந்த காலம்; எனக்கு நானூற்றி அறுபது, அவளுக்கு நானூற்றைம்பது. கழித்தால் சங்கரா மைனஸ் பத்து ரூபாய். "சங்கரா வாங்கினா அஞ்சலையே பத்து ரூபா குடுக்குமாம்!" செலின் சிரித்துச் சிரித்து இருமினாள்.

அடுத்த வாரம் அஞ்சலையிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்காவுக்குக் கன்னம் ஒட்டிப் போச்சேண்ணே. ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்குது. அதான் கொறச்சு வாங்குனேன். டாக்டர்கிட்ட காட்னீங்களா?"

கால்புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. ஒரே வீட்டில் இருந்தேன்.

காட்டினோம். நோய் முற்றிவிட்டது என்றார்கள். அடுத்த ஈஸ்டருக்கு அவள் இல்லை.

இந்த ஞாயிறு அஞ்சலை என்னைப் பார்த்ததும் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சங்கரா ஒரு கூறு, நெத்திலி ஒரு கூறு, தானே பையில் போட்டாள். பிறகு, இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாக, "பிரிச்சே சொல்லிடுறேண்ணே. சங்கரா..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா," என்றேன். "மொத்தமாவே சொல்லு."