வெள்ளையடித்த கற்கள்

ஞாயிற்றுக்கிழமையானால் அரிவாளும் கையுறையுமாக நாங்கள் ஐந்து பேர் கிளம்பிவிடுவோம். எல்லோருமே நாவலூர் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்து, கணினி முன் உட்கார்ந்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். செங்கல்பட்டு ஏரிக்கரைகளிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, தார்ச்சாலையில் கால் வைக்காமல் நடந்து போகிற மாதிரி ஒற்றையடிப் பாதைகளை ஒன்றோடொன்று இணைப்பது எங்கள் திட்டம். கேட்டவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கக்கூட இல்லை; தண்ணீர் எடுத்துக்கொண்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அணுபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு காலனி. அங்கிருந்து அணுபுரத்தில் அணுசக்தி ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், தினமும் ஒருவருடைய வயல் வரப்பு வழியாகத்தான் குறுக்கே நடப்பாள். அது இல்லையென்றால் லாரிகள் பறக்கும் மெயின்ரோட்டைச் சுற்ற வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வரப்பில் சீமைக்கருவேலம் மண்டிச் சேலையைக் கிழித்துக்கொண்டிருந்ததாம். நாங்கள் முள் வெட்டுவதைப் பார்த்துவிட்டு அவளும் கத்தியோடு வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டு ஞாயிறுகளில் வழி பளிச்சென்று ஆகிவிட்டது. வாழ்க்கையில் ஒருமுறையாவது உருப்படியாக ஏதோ செய்தோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவர்கள் எங்கே நிறுத்துவோம்? வெளியூர்க்காரர்கள் வழி தவறக் கூடாதே என்று வரப்போரமாகக் கற்களை நட்டு, வெள்ளையடித்து, சிவப்பில் எண்ணும் எழுதினோம். போன் வரைபடத்திலும் பாதையை ஏற்றினோம். இந்த வட்டாரத்தில் எண் எழுதிய வெள்ளைக் கல்லைப் பார்த்தால் எவரும் ஒன்றுதான் நினைப்பார்கள்: மனை போட ஆள் வந்தாச்சு. நாங்கள் ஐவருமே அப்படிக் கல் நட்ட வயல்களின் மேல் எழும்பிய கட்டடங்களில்தான் குடியிருக்கிறோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது வரப்பின் இரண்டு முனையிலும் முள்கம்பி. அந்தப் பெண் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். நிலத்துக்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுகினு கல்லு நட்டீங்க?"

இது வெறும் நடைபாதை, அடையாளத்துக்குத்தான் கல் என்றேன்.

"எங்க நைனா காலத்துலேர்ந்து காலனி ஆளுங்க நடந்துகினுதான் இருந்தாங்க. நடப்பாங்க, நான் பாக்காத மாதிரி போய்கினு இருப்பேன். நீங்க வழின்னு போர்டு போடாத கொறையா பண்ணி வெச்சிக்கீறீங்க. நாளைக்கு இது பொது வழின்னு ஒருத்தன் வந்து நின்னா, கோர்ட்டு வாசல்ல யார் நிக்கிறது, நீங்களா?"

கல்லைப் பிடுங்கிவிடுகிறோம், கம்பியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினோம்.

"கல்லைப் புடுங்குவீங்க. போன்ல ஏத்துனதை இன்னா பண்ணுவீங்க?"

அதையும் அழித்தோம்தான். அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் இணையப் பக்கங்களில் போட்டுவிட்டிருந்தார்கள். அவர்மேல் கோபப்பட மிகவும் முயன்றேன். வரவில்லை. அவர் பாராமுகமாக விட்டுவைத்திருந்த ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி செய்தது நாங்கள்தானே.

கம்பி இன்னும் இருக்கிறது. எங்கள் ஐவரில் மூவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு பேரும் ஒரு வாரநாளில் லீவு போட்டுவிட்டுப் போய் மீதிக் கற்களைப் பிடுங்கினோம். பக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் வந்து கை கொடுத்தாள். இந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டியவள்.

"வேலைக்குப் போகலையாம்மா?"

"வுட்டுட்டேன்ணா. ரோட்டைச் சுத்திப் போனா லேட்டாவுது. வேற ஆளு வெச்சிக்கினாங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள். வைவதாகத் தெரியவில்லை, குரலைத் தாழ்த்தி, ஒரு உதவி கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அண்ணா, ஏரிக்கரை அந்தாண்ட இன்னொரு வழி கீது. எங்க பொம்பளைங்க அதுலதான் பஸ்ஸுக்குப் போறாங்க. அங்க மட்டும் வந்துடாதீங்க."