கட்டிலின் மறுபாதி

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. நடந்தது. நடந்த வீடு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இன்றைக்கும் இருக்கிறது. மாடியில் துணி காய்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம். ஆனால் மாரிசெல்வி சுலபத்தில் அரளுகிறவள் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, ஐந்து வருடமாகப் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இரவும் பகலும் நின்றே வேலை பார்த்தவள். பேயைவிட சூப்பர்வைசருக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறாள்.

இந்தப் பக்கத்து வாடகை அறைகளின் வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி பகல் ஷிஃப்ட், இன்னொருத்தி ராத்திரி ஷிஃப்ட். இவள் எழுந்து போனதும் அவள் வந்து படுப்பாள். ஷிஃப்ட் மாறினால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே மாறும். அதனால் ஒரே கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்தும் முகம் பார்க்காதவர்கள் உண்டு. கம்பெனி பஸ்கள் எதிரெதிரே கடக்கும்போது ஜன்னலில் பார்த்துக்கொண்டால்தான் ஆயிற்று.

பிப்ரவரியில் மாரிசெல்வி குடிவந்தபோது வீட்டுக்கார முனியம்மாளும் இதையேதான் சொன்னாள்.

"ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. நீ வேலைக்குப் போனா அவ தூங்குவா, அவ போனா நீ தூங்கு. சண்ட கிண்ட வெச்சுக்காதீங்க, இன்னா?"

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று தங்கமாரிக்கும் மாடத்திக்கும். தங்கமாரிக்கு இவளுடைய ஷிஃப்ட்தான். மாடத்திக்கு எதிர் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வாலாஜாபாத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். இன்னொரு கட்டில் மாரிசெல்விக்கும்... 'மத்தவளுக்கும்'. அந்த மற்றவளின் பெயர் என்ன என்று இவள் கேட்கவே இல்லை. அங்கே யாரும் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளும் எங்கோ போய்விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாரிசெல்விக்கு ஒரே ஓர் ஆசை. எங்காவது தனியாகப் போக வேண்டும். ஊரில் ஒற்றை அறையில் ஆறு பேர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு ஐந்து பேர். கம்பெனி லைனில் தோளோடு தோள். படுக்கிற கட்டிலில்கூடப் பாதிதான் சொந்தம். சித்திரையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் புருஷன், மாமியார், பிள்ளைகள்... தனியாக மூச்சுவிடக்கூட முடியாது. அதற்குள் மூன்றே மூன்று நாள் போதும். மூணாறுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்கா. பாறை நுனியில் நிற்கும் வரையாட்டை யாரோ எடுத்த வீடியோவில் பார்த்த நாளிலிருந்து அந்த மலை அவளைப் பிடித்துக்கொண்டது. ஆடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் போய்விட வேண்டும்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, வெளிச்சம் வராமல் அட்டை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு திட்டம் போடுவாள். கிளாம்பாக்கத்தில் பஸ். விடியும்போது போடி. அங்கிருந்து மலை பஸ். எல்லாம் சுலபம்தான். ஆனால் எங்கே போனாலும் ஒரே கேள்வி. லாட்ஜுக்குப் போன் போட்டால், "கூட யாரு?" லீவு கேட்டால் சூப்பர்வைசர் வெங்கடேசன், "கூட யாரும்மா வர்றா?"

"ஒருத்தரும் இல்ல சார். நான் மட்டுந்தான்."

"இன்னாம்மா சொல்ற நீ..." தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு லாட்ஜ்காரர்கள் தனிப் பெண்ணுக்கு அறை இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவதாக, தன் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடும் அம்மாள் ஒருத்தி ஒப்புக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் பங்குனி வெயிலில் ஸ்வெட்டர் கேட்டவளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, பழைய சரக்கிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்வெட்டரைத் தட்டிக் கொடுத்தார்.

இதெல்லாம் நடக்கும்போதுதான் அந்தச் சின்னச் சின்ன விஷயங்கள் தொடங்கின.

தங்கமாரி தினமும் காலையில் வந்து படுத்ததும் சலித்துக்கொள்வாள். "இந்த மாடத்தி எந்திச்சுப் போன கட்டிலு தோசைக்கல்லு மாரில்லா கொதிக்கி!"

மாரிசெல்விக்கு ஆச்சரியம். அவள் கட்டில் ஒரு நாளும் சுட்டதில்லை. கூரைத் தகரம் கொதிக்கிற நேரத்திலும் மெத்தை சில்லென்று கிடக்கும். மற்றவள் சீக்கிரம் எழுந்து போகிறாள் போல, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். தலையணையில் நீளமாக முடி கிடக்கும். தன்னுடையதைவிட நீளம். அதைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் படுப்பாள்.

மலைப் படம் ஒன்றைக் காலண்டரிலிருந்து கிழித்து, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். மறுநாள் வந்தபோது படம் கீழே இறங்கியிருந்தது. படுத்தால் முகத்துக்கு நேராக... ஒரு சாண் தூரத்தில். அவளுக்கும் மலை பிடிக்கும் போல என்று சிரித்துக்கொண்டாள்.

அடுத்து ஸ்வெட்டர். பையில் மடித்து வைத்துவிட்டுப் போனது, வந்து எடுத்தால் ஈரமாக இருந்தது. பனியில் நடந்துவிட்டு வந்த ஈரம்.

"நம்மளக் கேக்காமப் போட்டுப் பாத்திருக்கா பாரேன்."

"கேளேன் அவகிட்ட."

"எப்ப கேக்க? நான் இருக்கும்போது அவ இருந்தால்லா?"

தங்கமாரி அதற்குள் தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் பிறந்தது. பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பையைத் திறந்தவள் நின்றுவிட்டாள். அவள் துணிகளுக்கு மேலே ஒரு நீலச் சுடிதார். அவளுடையது இல்லை. அழகாக, இவள் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது. எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். மறுநாள் அது மறுபடியும் பைக்குள் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வரவில்லை. இத்தனை பேரிடம் மல்லுக்கட்டி வாங்கிய தனிமை அது. கட்டிலில் பாதி கொடுத்தால் மலையிலும் பாதி கேட்பாளா?

காலிக் கட்டிலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "இந்தா பாரு. நான் ஒத்தைல போறேன். ஒன்னக் கூட்டிட்டுப் போறதா இல்ல."

அன்றைக்குச் சுடிதார் பைக்கு வரவில்லை. மலைப் படம் மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது.

பயணத்துக்கு முந்தைய ராத்திரி. பாகங்கள் வந்து சேரவில்லை என்று மாரிசெல்வியின் லைனைப் பாதியில் நிறுத்தி, எல்லோரையும் ஒரு பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். தங்கமாரியின் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வரவில்லை. மாரிசெல்வி வீட்டுப் படியேறியபோது மணி 2.10. கரண்ட் இல்லை. இடைவேளை முழுக்க மலை வீடியோ பார்த்ததில் போனிலும் சார்ஜ் இல்லை.

வேலை நாளில் இந்த நேரத்தில் அவள் அந்த அறைக்குள் வந்ததே கிடையாது.

இது மற்றவளுடைய நேரம்.

கதவை மெல்லத் தள்ளினாள். வாசல் வழியாக நிலா வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது. ஒரு கட்டிலில் மாடத்தி குறட்டை விட்டுத் தூங்கினாள். இன்னொரு கட்டிலில்... ஆள் இருந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஓ, இவள்தானா. இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்தாள். எழுப்ப மனம் வரவில்லை. பாவம், காலையில் வேலைக்குப் போகிறவள். கட்டிலோரமாகத் தரையில் துப்பட்டாவை விரித்துப் படுத்தாள்.

தூக்கம் வரவில்லை.

மாடத்தியின் மூச்சு கேட்டது. ஏறியது... இறங்கியது...

தலைக்கு மேலே, இந்தக் கட்டிலில், மூச்சே கேட்கவில்லை.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

இல்லை.

பிறகு கட்டில் கிரீச்சென்றது. ஒரே ஒரு முறை. திரும்பிப் படுக்கிற சத்தம்.

இப்போது அந்த முகம் இவள் பக்கம் இருந்தது. பார்க்காமலே தெரிந்தது. மேலிருந்து குளிர் இறங்கியது.

ஏதோ கன்னத்தில் உரசியது.

முடி. நீள முடி.

பிறகு ஒரு கை தொங்கியது. மணிக்கட்டைத் தேடியது. பிடித்தது.

சில்லென்று...

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

வாய் மட்டும் தானாக அசைந்தது.

"நான்... தனியாப் போறேன்..."

"தெரியும். நானும் தனியாத்தான்."

கரண்ட் வந்தது.

மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மாரிசெல்வி அலறிக்கொண்டு எழுந்தாள். கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மாடத்தி பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஆருட்டப் பேசிட்டுக் கெடக்க?"

"இங்க படுத்திருந்த பிள்ள எங்க?"

"எந்தப் பிள்ள?"

"எங்கூடக் கட்டில்ல இருக்கவ! ஒன் ஷிஃப்ட்டுக்காரி!"

மாடத்தி விழித்தாள். "ஒங்கூட ஆரு இருக்கா? நீ இல்லாத நேரமெல்லாம் அந்தக் கட்டிலு சும்மால்லா கெடக்கு. நான் வந்த நாள்லருந்தே பாக்கேன்."

மாரிசெல்வி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். விடியும்வரை டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றியது. ஊருக்குப் போனால் அதோடு எல்லாம் முடிந்தது. சித்திரை வந்துவிடும். பிழைப்பைத்தான் பங்கு போட்டாயிற்று, ஆசையையும் யாரோ ஒருத்திக்குப் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டுமா? அந்த வீம்பில்தான் அன்று சாயங்காலம் பஸ் ஏறினாள். கிளாம்பாக்கத்தில் பையை மூன்று தடவை கொட்டிப் பார்த்தாள். நீலச் சுடிதார் இல்லை. பக்கத்து சீட்டில் மதுரை போகும் ஓர் அம்மாள் உயிரோடு, வெற்றிலை வாசனையோடு இருந்தாள். அந்த நிம்மதியில் தூங்கிப்போனாள்.

மலை அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. பூங்கா பஸ் வளைந்து வளைந்து ஏறி இறக்கிவிட்டது. புல் மலை. மேகம் காலடியில். ஒரு நிழல், ஒரு குரல் கூடப் பின்னால் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். அத்தனை சந்தோஷம்.

ஒரே ஒரு விஷயம். வந்திருந்தவர்கள் எல்லாம் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் குளிரவே இல்லை. மஞ்சள் ஸ்வெட்டர் மூன்று நாளும் கையிலேயே இருந்தது. வரையாடுகள் குட்டிகளோடு ஜனங்களை உரசுகிற மாதிரி வந்து மேய்ந்தன. இவள் நின்ற பக்கம் மட்டும் வரவில்லை. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பியதும் முதல் வேலையாக அந்த வீட்டைக் காலி செய்யப் போனாள். முனியம்மாள் மறுப்புச் சொல்லவில்லை. அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, தலை குனிந்துகொண்டே சொன்னாள்.

"உங்கிட்ட மறச்சிட்டேன், மனசு கேக்கல. போன பங்குனில அந்தக் கட்டில்ல அன்னக்கிளின்னு ஒரு பொண்ணு. உன்னாட்டமே தென்காசி பக்கம். ஒண்டியா மலைக்குப் போறேன்னு லீவு போட்டுச்சு. அது கூட்டாளி பங்குனி உத்தரத்துக்கு ஊருக்குப் போய்ட்டா. அன்னைக்கு ராத்திரி ஜொரம் போல கீது, யாருக்குத் தெரியும்... போர்வைய இஸ்து மூடிக்கினு, செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருந்துச்சு."

"யாரும் எழுப்பலியா?"

"பகல் வேலைக்காரிங்க, நைட்டு வேல முடிச்சுத் தூங்குதுன்னு நெனச்சாங்க. நைட்டு வேலைக்காரிங்க, பகல் வேல முடிச்சுத் தூங்குதுன்னு நெனச்சாங்க. கம்பெனில, மலைக்குப் போயிருக்கும்னு விட்டுட்டாங்க. மூணாம் நாளு நான்தான் போய்த் தொட்டேன். கட்டிலே ஐஸாட்டம் சில்லுனு இருந்துச்சும்மா. கால்மாட்டுல பையி. மேலாக நீலக் கலர்ல ஒரு சுடிதாரு."

மாரிசெல்வி அதற்குமேல் நிற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகக் கட்டிய வீட்டில் அறை பிடித்தாள். புதுக் கட்டில், புது மெத்தை. கூட்டாளி யார் என்று இந்த முறை முதலிலேயே விசாரித்தாள். சுகப்பிரியா, கோவில்பட்டிப் பெண். போனில் பேசி, போட்டோ வாங்கிப் பார்த்து, உயிருள்ள மனுஷிதான் என்று உறுதி செய்துகொண்டுதான் படுத்தாள். முதல் நாள் காலையில் வந்து கை வைத்தபோது, சுகப்பிரியா எழுந்து போன மெத்தை கதகதவென்று இருந்தது. நிம்மதியில் மாரிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷின்தான் கொஞ்சம் தகராறு செய்தது. மலையிலிருந்து வந்த நாள் முதல் அவள் விரலை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதி உள்ளே விட்டார்.

நான்காம் நாள், ராத்திரி ஷிஃப்ட் இடைவேளையில் சுகப்பிரியாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா... கோவிச்சுக்கிடாதிய. நீங்க எந்திச்சுப் போன பொறவு நான் வந்து படுக்கேன்லா... கட்டிலு ஏன்க்கா இப்பிடிச் சில்லுன்னு கெடக்கு? ஒடம்புக்கு எதுவும் முடியலியாக்கா?"

கேன்டீன் கூட்டத்தின் நடுவே, மாரிசெல்வி தன் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

சுடவும் இல்லை. குளிரவும் இல்லை. நாடி துடிக்கவும் இல்லை.