மூச்சு விடாத பாட்டு

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் முதலில் பேக்கரிப் பாண் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். அடுத்தது, தம்பி பாட்டு அனுப்பிவிட்டானா என்று. அவன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே புதுப் பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளிவரும். இங்கே பள்ளிமுனையில், என் சின்னக் கடையின் மேசைக்குக் கீழே போனை வைத்து, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு கேட்பேன். மற்றக் காது சாமான் வாங்க வருகிறவர்களுக்கு. நான் பிரசங்கம் கேட்கிறேன் என்றுதான் தெருவில் பலர் நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி பிரித்தானிய றொக் கேட்கிறாள் என்று சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

கணவருக்கு மட்டும் தெரியும். "வெள்ளைக்காரன் கத்தினாத்தான் இவளுக்குத் தேத்தண்ணி கொதிக்கும்," என்று கடல் தொழிலுக்குப் போகிற ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லுவார். நான் உள்ளே போய்விடுவேன்.

தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன கசற்றுகளில் தொடங்கிய பழக்கம் இது. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரத்தோடு நின்றவள். சொற்களில் பாதி விளங்காது. கிற்றார் விளங்கும்.

அம்மா இருக்கும்வரை தம்பி போனில் அம்மாவோடு கதைப்பான். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் "சாப்பிட்டியோ", "அங்க குளிரோ" என்பதோடு நின்றுபோனோம். அவனும் என்னைப்போல்தான், கதைக்கத் தெரியாதவன். அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பாட்டை அனுப்பினான். எனக்குப் பட்டதை இரண்டு வரி எழுதினேன். அடுத்த வெள்ளியும் அனுப்பினான். அன்றிலிருந்து எங்களுக்குள் இருப்பது இந்தப் பாட்டுகள்தான். வேறொன்றும் இல்லை.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வயதுபோன குழுக்கள் பழைய சண்டையை மறந்து மறுபடி சேர்ந்தால் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கோ இவர்களைச் சேர்த்துவைத்தது யார், எதற்காக என்றுதான் யோசனை போகும். அந்தக் காலத்துப் பாட்டைத் துடைத்து மினுக்கிப் புதிது என்று விடுவார்கள். நேற்றைய மீனுக்கு இன்றைய ஐஸ். பெரிய கம்பெனிகளோடு சேராத குழு என்பார்கள். முதல் பாட்டிலேயே ஒரு கீறல் இருக்காது. வீட்டு அறைக்குள் வைத்துப் பதிந்ததாம். வெளியே ஒரு நாய்கூடவா குரைக்கவில்லை? இப்போது வரும் சில குழுக்கள் பாடுவதேயில்லை, கிற்றாருக்கு மேலே ஏதோ முறைப்பாடு சொல்வதுபோல் பேசிக்கொண்டு போகிறார்கள். அது எனக்குப் பிடிக்கும். காலையில் கரையில் மீன் விலைக்கு நியாயம் கேட்கிற பெண்களின் குரல் அது, பொய்யாகச் செய்வது கஷ்டம். மழையைப் பற்றிய புலம்பல்களைத்தான் நம்பமாட்டேன். கட்டுக்கரைக் குளம் நிரம்புமா என்று வானத்தைப் பார்க்கிற இடத்தில் இருந்துகொண்டு, மழை பெய்து மனமுடைந்துபோனேன் என்கிறவனை எப்படி நம்புவது?

தவக்காலத்துக்கு முந்திய ஒரு வெள்ளி, தம்பி புதிய குழு ஒன்றின் பாட்டை அனுப்பினான். வட இங்கிலாந்தில் ஏதோ கடற்கரைப் பட்டினத்து ஆட்கள். ஒரு பெண்குரல். கிற்றார் கரகரவென்று உரசிக்கொண்டு போக, குரல் அதற்கு மேலே நீளமாக, நீளமாகப் போனது. என்னையறியாமல் கூடவே முணுமுணுத்தேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முட்டவில்லை.

தேங்காய் திருவும்போது மறுபடி போட்டேன். பிறகும் போட்டேன். ஓர் இடத்தில்கூட அவள் மூச்சு எடுக்கவில்லை.

எனக்கு மூச்சைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தவக்காலத்தில் எங்கள் கோவிலில் பசாம் பாடுவோம். ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்துப் பாடும் நீளமான பாட்டு. பெண்கள் இரண்டு வரிசையாக, முகம் பார்த்து நின்று பாடுவோம். எனக்கு நேர் எதிரே நிற்பவள் என் மச்சாள், கணவரின் தங்கை. எவளுக்கு எந்த இடத்தில் மூச்சு அறும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூச்சு விடாமல் பாட மனுசரால் முடியாது.

இப்போது மெசின் தானாகவே பாட்டுக் கட்டி, குரலும் கொடுத்து, இல்லாத குழுவுக்குப் பெயரும் வைக்கிறதாமே. இது அதுதான் என்று முடிவு செய்தேன். குழுவின் படத்தைத் தேடிப் பார்த்தேன். நாலு பேர், நாலு பேரின் முகத்திலும் இருட்டு. என் முடிவு இன்னும் இறுகியது.

"தம்பி, இது மெசினோ?" என்று எழுதினேன்.

"இல்லை அக்கா. நான் நேரில கண்டனான்," என்று பதில் வந்தது.

அங்கேதான் வேறொரு சந்தேகம் பிடித்தது. அவனுக்கு இரவு வேலை. பகலில் நித்திரை. எப்போது போய்க் கண்டான்? முன்பெல்லாம் பாட்டோடு ஏதாவது எழுதுவான்: இந்த இடத்தில் மேளத்தைக் கேளுங்கோ, கடைசியில் ஒரு சிரிப்பு வருது, இப்படி. இந்த வருடம் வெறும் பாட்டு மட்டும் வருகிறது. அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். போன் எதை முன்னால் நீட்டுகிறதோ அதை அக்காவுக்குத் தள்ளிவிட்டுப் படுக்கிறான் என்று பட்டது. மெசின் பாடியதுகூடப் பெரிதில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுதியிருந்தால் அழித்திருப்பேன். வாயால் பதிந்து அனுப்பிவிட்டேன். "நீ கேக்காமலே அனுப்புறாய். என்னை ஏய்க்கத் தேவையில்லை. நேரமில்லை எண்டால் விடு."

பதில் இல்லை. அடுத்த வெள்ளி பாண் வந்தது, பாட்டு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

"என்ன, வெள்ளைக்காரனுக்குத் தொண்டை கட்டிப்போச்சோ?" என்றார் கணவர். நான் பாண்களை எண்ணத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, "நீயாவது எடுத்துக் கதையன்," என்றார். எடுத்து என்ன கதைப்பது? சாப்பிட்டியோ என்றா?

ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு விளக்குப் போடும் நேரம், அவர்களுக்கு மத்தியானம், போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. அவன் அப்படி எடுப்பதேயில்லை. யாருக்கோ என்னவோ என்று பதறிப்போய் எடுத்தால், திரையில் அவன் முகம் இல்லை. தடித்த கோட்டுப் போட்ட ஆட்களின் முதுகுகள். சுவரெல்லாம் இசைத்தட்டு அடுக்கிய சின்னக் கடை ஒன்று.

"காணுதோ அக்கா?"

"என்னத்தையடா?"

"பொறுங்கோ." போனைத் தலைக்கு மேலே தூக்கினான்.

இசைத்தட்டு அலுமாரிகளுக்கு நடுவே, ஒரே மைக்குக்கு இரண்டு பக்கமும், முகம் பார்த்தபடி இரண்டு பெண்கள் நின்றார்கள். அதே பாட்டு. ஒரே மூக்கு, ஒரே நாடி. அக்காவும் தங்கையும். ஒருத்தியின் வரி முடியப்போகும்போது மற்றவள் அதன் வாலைப் பிடித்து எடுத்துக்கொண்டு போனாள். முதலாமவள் வாயைத் திறந்தபடியே மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு மற்றவள். எந்த இடத்தில் கைமாறியது என்று கண்ணால் பார்க்கும்போதே பிடிபடவில்லை.

நானும் மச்சாளும் இத்தனை வருடமாகச் செய்துவருவது அதேதான். அவளுடைய கடைசி எழுத்து அறுமுன் நான் எடுக்கவேண்டும், என்னுடையது அறுமுன் அவள். எங்கள் பங்குக்குப் புதிதாய் வந்த சுவாமி ஒருவர், யாரம்மா இவ்வளவு தம் பிடிக்கிறது என்று எங்களிடமே கேட்டிருக்கிறார். அதையே வருடாவருடம் மணிக்கணக்காகப் பாடிப் பழகிவிட்டு, இன்னொருவர் செய்ததும் மெசின் என்று சொல்லியிருக்கிறேன்.

"இரண்டு பேர்!" என்றேன்.

"ஓம், இரண்டு பேர்தான்."

"நீ அதைச் சொல்லேல்லையே."

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்? மெசினோ எண்டுதானே கேட்டனீங்கள்."

கைதட்டல் முடிந்து முதுகுகள் அசைந்தன. அவன் முகம் வந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. வேலை முடிந்து படுக்காமல் நேரே வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"மேளம் அடிக்கிறவன் எங்க?" என்று கேட்டேன். உண்மையிலேயே அங்கே மேளக்காரன் இல்லை.

"அக்கா!"

"இல்லை, கேட்டனான்."

"கடை சின்னன் அக்கா. மேளத்தைக் கொண்டுவந்தால் சனம் எங்க நிக்கிறது?" சிரித்தான். அந்த நேரம் பார்த்து ஒருவர் அரை இறாத்தல் பாண் கேட்டு வந்தார். போனை வைத்துவிட்டேன்.

சிரித்தான் என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வந்து காட்டுவது வேறு, ஒவ்வொரு வெள்ளியும் உட்கார்ந்து கேட்பது வேறு. அதனால் அந்த வாரம், கோவிலில் பசாம் பழகும்போது போனைப் பாட்டுப் புத்தகத்துக்கு மேலே வைத்துப் பதிந்தேன். நானும் மச்சாளும் பாடியது, நீளமானது, நடுவில் நிறுத்தாதது. எதையும் எழுதாமல், வெறும் பாட்டாக, வெள்ளிக்கிழமை அவனுக்கு அனுப்பினேன்.

காலையில் பதில் இல்லை. மத்தியானமும் இல்லை. எனக்குத் தெரிந்ததுதானே என்று இருந்தேன். கடை பூட்டப் போகும்போது வந்தது.

"கிட்டத்தட்ட முடியிற இடத்தில இருமினது ஆர், நீங்களோ மச்சாளோ?"

மச்சாளையும் கூப்பிட்டுக் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் இருமியதாக நினைவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு, இந்தமுறை இரண்டு காதிலும் வயரை மாட்டி, முதலிலிருந்து போட்டேன்.